செட்டியார் பொம்மைக்கு யார் கண் எழுதுவது? மயிலாப்பூர் முதல் அடையாறு வரை ஒரு தூரிகை உலா

ஆவணி முடியும்போதே மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் முகம் மாறிவிடும். கபாலீஸ்வரர் கோயில் குளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் பிளாட்பாரம் முழுக்கத் தார்ப்பாய் கட்டி, வைக்கோல் பிரித்து, பொம்மைகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி, புதுச்சேரி, நம்ம கொசப்பேட்டை என்று ஊர் ஊராக வந்திறங்கும் பொம்மைகள். தசாவதாரம் ஒரு பக்கம், கல்யாண செட் ஒரு பக்கம், கிரிக்கெட் விளையாடும் பிள்ளையார் இன்னொரு பக்கம்.

வாங்க வருகிறவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். பொம்மையைக் கையில் எடுத்ததும் விலை கேட்க மாட்டார்கள். முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "இந்த அம்பாள் வேண்டாம், முறைக்கறா. அந்த அம்பாளைக் கொடுங்கோ" என்பார்கள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுதான். புடவை நிறமும் ஒன்றுதான். வித்தியாசம் கண்ணில் இருக்கிறது. கடுகளவு கருவிழி கொஞ்சம் மேலே இருந்தால் சாந்தம், நடுவில் நின்றால் முறைப்பு. அந்தக் கடுகளவைத் தீர்மானிப்பது ஒரு மெல்லிய தூரிகையின் நுனி.

அந்தக் கூட்டத்தில் ஒரு மாமி, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொம்மையோடு நிற்கிறார். கூடவே பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. துணியைப் பிரித்தால் உள்ளே செட்டியார் பொம்மை. அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு நடுவே தொந்தியோடு உட்கார்ந்திருக்கும், எல்லோர் வீட்டுக் கொலுவிலும் இருக்கும் அதே செட்டியார். மாமியின் மாமியார் காலத்துப் பொம்மை. ஒரு கண் முழுக்க உதிர்ந்துவிட்டது. மீசையும் பாதிதான் மிச்சம்.

"ஏம்பா, இதுக்குக் கண்ணு மட்டும் எழுதித் தருவியா?"

"சீசன்ல முடியாது மாமி. நல்ல பிரஷ்ஷா ஒண்ணு வாங்கி நீங்களே எழுதிடுங்க. ஆனா முழுசா பெயிண்ட் அடிச்சுடாதீங்க. பழைய முகம் திரும்ப வராது."

அது மாமிக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். சில வருஷங்களுக்கு முன்பு, பக்கத்தில் உட்காரும் செட்டிச்சி அம்மாளைப் 'புதுசாக்கித் தருகிறேன்' என்று ஒருவர் வாங்கிப் போய், பளபளவென்று எனாமல் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். பொம்மை புதுசாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் செட்டிச்சி போய்விட்டாள். வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியாத வேறு யாரோ ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். ஆகவே செட்டியார் விஷயத்தில் மாமி ரொம்ப ஜாக்கிரதை. பாட்டியும் பேத்தியும் அங்கிருந்து தி.நகருக்கு ஆட்டோ ஏறுகிறார்கள்.

எல்டாம்ஸ் ரோடு வழியாக

லஸ் கார்னரைத் தாண்டி ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் ரோடுக்குள் நுழைந்தால், சி.பி. ராமசாமி அய்யர் அறக்கட்டளையின் வளாகம் வரும். கைவினைக் கண்காட்சிகள் அடிக்கடி நடக்கும் இடம். ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மயிலாப்பூரும் மந்தைவெளியும் மேற்கு மாம்பலமும் இன்னொரு காரணத்துக்காகவும் பழக்கம். தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு வீட்டு வாசலில் 'தஞ்சாவூர் ஓவியம் கற்றுத் தரப்படும்' என்று ஒரு பலகை தொங்கும்.

தஞ்சாவூர் படத்தில் சுண்ணாம்புத் தூளும் பிசினும் கலந்த மேட்டு வேலை, கல் பதிப்பது, தங்க ரேக் ஒட்டுவது எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் முகத்துக்கு வருவார்கள். அதிலும் கடைசி, கண். பொம்மைக்கும் அப்படித்தான். கண் திறந்துவிட்டால் பொம்மைக்கு உயிர் வந்துவிடுகிறது என்பது நம்பிக்கை. கைவேலை செய்கிறவர்கள் அதற்கு இன்னொரு நியாயமும் சொல்வார்கள். கை அதற்குள் பழகியிருக்கும். எழுதிய கண்மேல் வேறு வண்ணம் தெறிக்கவும் வாய்ப்பில்லை.

தூரிகைக்குப் பழந்தமிழில் துகிலிகை, வட்டிகை என்றெல்லாம் பெயர் உண்டு. இன்று கடையில் போய் 'வட்டிகை கொடுங்கள்' என்றால் வட்டிக்கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள். பிரஷ் என்றே கேட்போம்.

பாண்டி பஜாரில் ஒரு டம்ளர் தண்ணீர்

நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய தி.நகரில், அவர் பெயரிலேயே இருக்கும் சாலைதான் பாண்டி பஜார். 2019-ல் அகலமான நடைபாதை போட்ட பிறகு, இடிபடாமல் நின்று கடைகளை வேடிக்கை பார்க்க முடிகிறது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள், 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை வழியாக ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமல் பஸ் நிலையம் பக்கம் வந்துவிடலாம். அங்கிருந்து பாண்டி பஜார் நடக்கும் தூரம்தான்.

ஸ்டேஷனரிக் கடையில் பேத்தி நேராகப் போய் எடுத்தது, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ். மூன்று சைபர் போட்டது. கண் சின்னது, அதனால் பிரஷ்ஷும் சின்னது. கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால் இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள்.

பிரஷ்ஷின் முடிக்கற்றைக்கு நுனி என்று ஒன்று உண்டு, வயிறு என்று ஒன்று உண்டு. கோடு போடுவது நுனி. அந்தக் கோடு தீரும்வரை வண்ணத்தைச் சேமித்து வைத்துக் கொடுப்பது வயிறு. மூன்று சைபர் பிரஷ்ஷுக்கு வயிறே கிடையாது. அது எடுக்கும் ஒரு துளி அக்ரிலிக் வண்ணம், சென்னை வெயிலில் ஃபேனுக்கு அடியில், தட்டிலிருந்து பொம்மைக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். கோடு பாதியில் விட்டுப்போகும். மறுபடி தொட்டு எழுதினால் திட்டாகும். நுனி கூராக வரும் ஒன்றாம் நம்பரோ, சைபர் நம்பரோ இருந்தால் கண், புருவம், மீசை மூன்றையும் அதிலேயே முடித்துவிடலாம். பார்க்க வேண்டியது நம்பரை அல்ல, நுனியை.

நுனி நல்லதா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். புது பிரஷ் கடையில் ஊசி மாதிரி நிற்பதற்குக் காரணம், கம்பெனியில் பிசின் தடவி அனுப்பியிருப்பார்கள். அது அலங்காரம். தண்ணீரில் நனைத்துப் பிசினைக் கரைத்து, கையை ஒரு உதறு உதறினால் உண்மை முகம் தெரியும். முடி எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரே கூராக வந்தால் நல்ல பிரஷ். இரண்டாகப் பிளந்தால், ஒரு முடி மட்டும் தனியே எட்டிப் பார்த்தால், திரும்ப வைத்துவிடலாம். தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காத கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தண்ணீர் கொடுக்காத கடை என்றால், முடியும் தகரக் குழலும் சேரும் இடத்தையாவது பார்க்க வேண்டும். குழல் ஆடக் கூடாது, முடி லேசாக இழுத்தால் கையோடு வரக் கூடாது.

அடுத்தது, என்ன முடி? 'கேமல் ஹேர்' என்று அச்சிட்டிருந்தால் ஒட்டகத்தைத் தேட வேண்டாம். ஒட்டகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அணில், ஆடு, குதிரைக்குட்டி என்று பலதின் மெல்லிய முடிக்கு வியாபாரத்தில் வைத்த பெயர் அது. உலக அளவில் நுண்ணோவியக்காரர்கள் ஆசைப்படுவது கோலின்ஸ்கி சேபிள். சைபீரியப் பக்கத்து மரநாய் இனம் ஒன்றின் வால்முடி. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி 1866-ல் தனக்குப் பிடித்த ஏழாம் நம்பர் அளவில் ஆகச் சிறந்த பிரஷ் ஒன்று செய்யச் சொல்லி வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனிக்கு உத்தரவு போட்டார். 'சீரிஸ் 7' என்று அது இன்றும் விற்கிறது. விலையும் மகாராணி விலைதான்.

ராஜஸ்தான் நுண்ணோவியர்கள் தலைமுறை தலைமுறையாக அணில் வால் முடியைக் கட்டி, புறா இறகின் தண்டுக்குள் செருகி, தங்கள் பிரஷ்ஷைத் தாங்களே செய்துகொண்டவர்கள். ராமர் தடவிக் கொடுத்த அணிலுக்கு அங்கே அப்படி ஒரு வேலை.

கொலுவில் இருக்க வேண்டிய கீரி

மாமிக்கு ஒரு ஞாபகம். "முன்னெல்லாம் ஒரு பிரஷ் வருமே, நுனி கறுப்பு, நடுவுல வெளுப்பு, அடியில பழுப்பு. பட்டை பட்டையா இருக்கும். எங்காத்து மாமா அதுலதான் படம் போடுவார். அது இருக்கா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அது கீரி முடி மாமி. அதை விக்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. நாங்க வைக்கறதில்லை."

உண்மைதான். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி. 2002-ல் அதற்கான பாதுகாப்பு இன்னும் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் வியாபாரம் உடனே நிற்கவில்லை. 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்தியது. பிரஷ் தயாரிப்புக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் ஊரும் அதில் அடக்கம்.

ஒரு கீரியைக் கொன்றால் கிடைப்பது சுமார் 40 கிராம் முடி. அதிலும் பிரஷ்ஷுக்கு உதவும் நல்ல முடி சுமார் 20 கிராம்தான் என்கிறார்கள் வனவிலங்கு ஆர்வலர்கள். அதாவது ஒரு கிலோ நல்ல முடிக்குச் சுமார் 50 கீரிகள். ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது போலக் கீரிக்குக் கத்தரித்துவிட்டு அனுப்பிவைக்க முடியாது. வலை போட்டுப் பிடித்து, அடித்துக் கொன்றுதான் முடி எடுக்கிறார்கள்.

கொலுப்படிக்கு ஒரு வரிசை உண்டு என்பார்கள் பெரியவர்கள். கீழ்ப்படியில் செடி கொடி, அடுத்து சங்கு, நத்தை, அப்புறம் எறும்பு, வண்டு, அதற்கு மேலே பறவையும் விலங்கும், பிறகு மனிதர், எல்லோருக்கும் மேலே தெய்வம். அந்த வரிசையில் கீரிக்கும் ஒரு படி இருக்கிறது. குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியை, அவசரப்பட்டுக் கொன்றுவிட்டுப் பிறகு அழுத தாயின் கதையைக் கேட்காத தமிழ்க் குழந்தை உண்டா? அந்த ஜீவனின் முடியால் செட்டியாருக்குக் கண் எழுதுவானேன் என்று மாமிக்கும் தோன்றியிருக்க வேண்டும். "வேண்டாம்பா, நைலான்லயே நல்லதா கொடு" என்கிறார்.

இன்றைய செயற்கை இழை பிரஷ்கள் முன்பு போல மோசமில்லை. அக்ரிலிக் வண்ணத்துக்கு அவை உண்மையிலேயே பொருத்தமானவை. இயற்கை முடியை அக்ரிலிக் சீக்கிரமே கெடுத்துவிடும், நைலான் தாங்கும். ஒரே குறை, நாளாக ஆக நுனி கொக்கி போல வளையும். வளைந்த நுனியை மட்டும் சூடான தண்ணீரில் சில விநாடிகள் காட்டி விரலால் நீவிவிட்டால், பல சமயம் நிமிர்ந்துவிடும். குழல்வரை முக்கக் கூடாது. சூட்டில் உள்ளே இருக்கும் பசை இளகி, முடி கழன்றுவிடும்.

ஒன்றாம் நம்பர் ஒன்று, சைபர் ஒன்று, அடிவண்ணத்துக்குத் தட்டையாக ஒன்று. மூன்றே பிரஷ்தான் வாங்கினார்கள். தங்க வண்ணம் தீட்டுவதாக இருந்தால் அதற்குத் தனியாக நாலாவது வேண்டும். தங்க வண்ணத்தின் மினுக்கு எத்தனை கழுவினாலும் முடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து அதே பிரஷ்ஷால் கண் எழுதினால் செட்டியாரின் கருவிழியும் மினுங்கும்.

அடையாற்றுக்கு அப்பால் ஒரு மூங்கில் குச்சி

பாட்டியும் பேத்தியும் வீட்டுக்குத் திரும்பட்டும். தூரிகை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே போகலாம். ஆற்றைக் கடந்தால் அடையாறு. 1882-ல் தியாசாபிகல் சொஸைட்டி வந்து தங்கிய தோட்டமும், 1989 புயலில் தாய்மரம் சாய்ந்த பின்னும் விழுதுகளாலேயே வாழும் பெரிய ஆலமரமும் அங்கேதான். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவும் அடையாற்றில் பிறந்து, பிறகு பக்கத்துத் திருவான்மியூருக்குக் குடிபோனது.

நாட்டியத்துக்காகவே எல்லோரும் அறிந்த கலாக்ஷேத்ராவில் நெசவுக்கும் கலம்காரிக்கும் ஒரு கைவினைப் பிரிவு இருக்கிறது. கலம்காரியின் கலம் என்பதே எழுதுகோல்தான். மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ பந்து போலச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்ததும் அந்தப் பந்து சாயத்தைக் குடித்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்த அழுத்த, சாயம் குச்சி வழியாக இறங்கி நுனியில் கோடாக வரும். வயிறும் நுனியும்! பாண்டி பஜாரில் பார்த்த அதே பாடம், இங்கே வெறும் மூங்கிலிலும் கம்பளியிலும்.

கேரளத்துச் சுவரோவியக்காரர்கள் புல்லில் தூரிகை செய்தார்கள். நம் ஊரில் தாழை விழுதை நசுக்கிச் சுண்ணாம்பு அடித்தார்கள். கைக்கு எட்டியதில் செய்துகொண்டு, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டதுதான் பழைய ஆட்களின் சாமர்த்தியம். அந்தப் பத்திரம்தான் இப்போது குறைந்துவிட்டது.

பிரஷ்ஷைக் கொல்வது வேலையல்ல, சோம்பல்

நல்ல பிரஷ் வருஷக்கணக்கில் உழைக்கும். ஒரே ராத்திரியில் சாகவும் செய்யும். வண்ணத்தோடு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு, 'காலையில் கழுவலாம்' என்று படுக்கப் போனால் முடிந்தது கதை. நுனி டம்ளர் அடியில் அழுந்தி வளைந்துவிடும். மரக்காம்பு ஊறிப் பருத்து, மேல்பூச்சு வெடிக்கும். காய்ந்த பிறகு காம்பு சுருங்கி, குழல் லொடலொடவென்று ஆடும்.

வேலை செய்யும்போது வண்ணம் முடியின் பாதி உயரத்துக்கு மேலே ஏறவே கூடாது. குழலுக்குள் புகுந்து காய்ந்த அக்ரிலிக் மறுபடி தண்ணீரில் கரையாது. உள்ளே கெட்டியாக உட்கார்ந்து முடியைக் குடைபோல விரித்துவிடும். அதனால் பக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் வேண்டும். ஒன்று கழுவ, ஒன்று அலச. சில நிமிஷத்துக்கு ஒருமுறை அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது.

முடிந்ததும் உள்ளங்கையில் குளியல் சோப்பைக் கொஞ்சம் குழைத்து, அதில் பிரஷ்ஷை மெதுவாகச் சுழற்றினால், அடியில் ஒளிந்திருக்கும் வண்ணம் வெளியே வரும். நுரை வெள்ளையாகும்வரை செய்து, அலசி, ஈர விரலால் நுனியைக் கூராக்க வேண்டும். வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டவே வேண்டாம். 1920-களில் அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு இருட்டில் ஒளிரும் ரேடியம் வண்ணம் பூசிய இளம்பெண்கள், உதட்டில் வைத்து பிரஷ்ஷைக் கூராக்கியே தாடை எலும்பு அரித்து இறந்துபோனார்கள். நம் வண்ணத்தில் ரேடியம் இல்லைதான். ஆனால் சில நிறங்களில் காட்மியம் போன்றவை இருக்கின்றன.

ஈர பிரஷ்ஷைப் படுக்க வைத்து நிழலில் காய விட வேண்டும். நிற்க வைத்தால் தண்ணீர் குழலுக்குள் இறங்கும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிளாஸ்டிக் உறை. ஈரத்தோடு மூடினால், சென்னையின் ஐப்பசி மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இயற்கை முடி பிரஷ் என்றால் பூச்சியும் அரிக்கும். டப்பாவில் ஒரு துண்டு வசம்பு போட்டு வைக்கலாம். நுனி போன பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டாம். அடிவண்ணம் பூச, அதற்கும் பிறகு பொம்மை இடுக்கில் தூசி தட்ட உதவும்.

மறுபடி மயிலாப்பூர்

வீட்டில் செட்டியாரை மேஜைமேல் வைத்தாகிவிட்டது. முதலில் பொம்மையின் முதுகுப் பக்கம் ஈரப்பஞ்சால் லேசாக ஒற்றிப் பார்க்கிறார்கள். பழைய வண்ணம் பஞ்சில் ஒட்டுகிறது. அப்படியானால் முகத்தில் தண்ணீரே படக் கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு சரி. உதிர்ந்த இடத்தில் மட்டுமே வண்ணம்.

பேத்தி உடனே கண்ணில் கை வைக்கவில்லை. போன கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குகளின் அடியில் வரிசையாகக் கண் எழுதிப் பார்க்கிறாள். பால் பதத்துக்கு வண்ணம் கரைத்து, துணியில் ஒற்றி, சுண்டு விரலை ஊன்றிக்கொண்டு எழுதினால் கை நடுங்குவதில்லை என்று ஏழாவது அகலில் பிடிபடுகிறது. கருவிழியை மேல் இமையோடு தொட்டாற்போல வைத்தால் முறைப்பு போய்விடுகிறது என்பது பத்தாவது அகலில்.

பிறகு செட்டியார். முதலில் வெள்ளை, அது காய்ந்ததும் மேல் இமைக் கோடு, கடைசியாகக் கருவிழி. மூச்சைப் பிடித்து ஒரே ஒரு தொடல்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்க்கிறார். புதுக்கண் மிச்சமிருக்கும் பழைய கண்ணைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் செட்டியார் செட்டியாராகத்தான் இருக்கிறார்.

"மீசை?" என்கிறாள் பேத்தி.

"அது பாதியே இருக்கட்டும்டி. நான் இந்த ஆத்துக்கு வந்தப்பவே அப்படித்தான் இருந்தது. நீ முதல்ல போய் பிரஷ்ஷை அலம்பு!"